முதல் கவளம் வலப்பக்கத்துக்கு

பதினோரு மாதம் எங்கள் வீட்டில் நாலு பேரும் நாலு தட்டில் சாப்பிட்டோம். இதெல்லாம் ஒரு கஷ்டமா என்று என் தங்கையே கேட்டாள். படிக்கிற உங்களுக்கும் அப்படித் தோன்றலாம். எனக்கு அது கஷ்டம்தான். ஸலாம் சொல்லி ஆரம்பிக்கிறேன், முழுக்கக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நாங்கள் புதுப்பட்டினத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்குப் பஜாரில் எவர்சில்வர் பாத்திரக் கடை. மகன் ரியாஸுக்கு இருபத்து நாலு வயது. மகள் ஷிபானா பிளஸ் டூ படிக்கிறாள், வாய் கொஞ்சம் நீளம்.

சஹன் என்பது நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய தாம்பாளம். பல வீடுகளில் அது கல்யாணத்துக்கும் பெருநாளுக்கும்தான் பரணிலிருந்து இறங்கும். எங்கள் வீட்டில் தினமும் ஒரு வேளையாவது இறங்கும். அதில் இவர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். முதல் கவளத்தை யாரும் தன் வாயில் போட்டுக்கொள்ளக் கூடாது. வலப்பக்கத்தில் இருப்பவருக்கு ஊட்ட வேண்டும். இது மார்க்கச் சட்டம் எதுவும் இல்லை. கல்யாணம் ஆன வாரத்தில் இவராக ஏற்படுத்தியது.

"கோவமா கீற அன்னிக்கும் ஊட்டித்தான் ஆவணும். அதுக்குத்தான் இது," என்பார்.

பிள்ளைகள் சண்டை போட்ட நாளில் தந்திரமாக இடம் மாறி உட்காருவார்கள். அதைக் கண்டுபிடித்து, இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்பார். ஷிபானா கோபத்தில் அண்ணன் விரலைக் கடித்த நாளும் உண்டு. கடித்துவிட்டு அந்தச் சோற்றை விழுங்கினாள்.

ரியாஸ் பி.காம் முடித்ததும் கடைக்கு வருவான் என்று இவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவன் மாமல்லபுரம் ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷன் வேலைக்குப் போனான். அங்கே பார் இருக்கிறது. தான் அந்தப் பக்கமே போவதில்லை, வருகிறவர்களுக்கு அறைச் சாவி கொடுப்பதுதான் வேலை என்று அவன் சொன்னான். இவர் கேட்கவில்லை. ஒருநாள் ரியாஸ் கடைக்கு வந்திருந்தபோது, வாடிக்கையாளர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டார்.

"அந்தச் சம்பளத்துல வாங்குற அரிசி என் சஹன்ல விழக் கூடாது."

ரியாஸ் திரும்பிப் பார்க்காமல் கடையை விட்டு இறங்கினான். அன்றோடு பேச்சு நின்றது. ஒரே வீடு, ஒரே குளியலறை, ஒரே பள்ளிவாசல். இவர் முன் வரிசையில் நிற்பார், அவன் கடைசி வரிசையில் நிற்பான்.

இந்த இடத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். ரியாஸ் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவனுக்குத் தனியாகத் தட்டு வைத்தேன். இவர் வந்ததும் இவருக்குத் தனித் தட்டு. ஷிபானா டிவி முன்னால் சாப்பிட்டாள். நான் அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டேன். சஹனைக் கழுவித் துடைத்து, பழைய புடவையில் சுற்றிப் பரண் மேல் போட்டேன். நாலு நாளைக்குச் சண்டை ஓயட்டும் என்று செய்தது. ஒரு மாதத்துக்கு மேல் யாருக்கும் அது வித்தியாசமாகவே தெரியவில்லை. ஒரு வீடு இவ்வளவு சீக்கிரம் பழகிவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

காலையில் எல்லோரும் கிளம்பிய பிறகு லுஹா தொழுவேன். தொழுதுவிட்டு ஒரே ஒரு துஆ கேட்பேன். யா அல்லாஹ், நாலு கையும் மறுபடி ஒரே சஹனில் விழ வேண்டும். வேறு எதுவும் கேட்கவில்லை. யார் பக்கம் நியாயம் என்று காட்டச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. எனக்கே அது தெரியவில்லை. மகன் ஹலாலான இடத்தில் சம்பாதிக்க வேண்டும் என்று தகப்பன் நினைத்ததில் தப்பில்லை. ஊர் முன்னால் அவமானப்படுத்தியது தப்பு. இரண்டும் நிஜம்.

ரமலானுக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. விடியற்காலை ஃபஜ்ர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யக் குழாயடியில் உட்கார்ந்த இவர், கையில் பிடித்த தண்ணீர் நிற்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். வார்த்தை குழறியது. வலது கை மடியில் அப்படியே கிடந்தது. ரியாஸ்தான் பக்கத்து வீட்டுக் காரை வாங்கி, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். பின் சீட்டில் இவர் தலை என் தோளில் இருந்தது. அழுகை வரவில்லை. வண்டி போகிற வேகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கவாதம் என்றார்கள். உயிருக்குப் பயமில்லை, ஆனால் வலது கை திரும்புவது சந்தேகம் என்றார்கள். அன்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தொழுதுவிட்டுக் கையேந்தினேன். நாலு கை கேட்டேனே, ஒன்றை எடுத்துக்கொண்டாயே என்றுதான் மனதில் ஓடியது. கோபம்தான். மறைத்து என்ன ஆகப் போகிறது, அல்லாஹ்வுக்குத் தெரியும்.

ஒன்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். பேச்சு குழறினாலும் புரிந்தது. கோலைப் பிடித்துக்கொண்டு நாலு அடி நடந்தார். கை மட்டும் அசையவில்லை. ரியாஸ் அவரைத் தூக்கினான், குளிப்பாட்டினான், சட்டை மாற்றிவிட்டான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. இவரும் பேசவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கேட்க வேண்டியதில்லை.

பிரச்சினை சாப்பாட்டில் வந்தது. இடது கையால் சாப்பிட மாட்டேன் என்றார். ஸ்பூன் கொடுத்தால் அதையும் இடது கையில்தானே பிடிக்க வேண்டும் என்றார். நான் ஊட்டினால் இரண்டு வாய் வாங்குவார், மூன்றாவது வாய்க்கு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"நான் இன்னா பச்சப் புள்ளயா?"

பள்ளிவாசல் ஹஜரத் வந்து பார்த்தார். இயலாதவருக்கு இடது கையில் சாப்பிட அனுமதி உண்டு, அல்லாஹ் சிரமத்தை விரும்பவில்லை என்று பொறுமையாக விளக்கினார். இவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஹஜரத் தெருமுனை தாண்டியதும் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். இத்தனை வருஷத்தில் ஹஜரத் சொல்லி இவர் கேட்காத விஷயம் இது ஒன்றுதான்.

பாலும் கஞ்சித் தண்ணீரும் மட்டும் உள்ளே போயிற்று. கைலி இடுப்பில் நிற்காமல் நழுவியது. மறுபடி காட்டப் போனபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வெறும் வயிற்றில் இவ்வளவு மாத்திரை கொடுக்க முடியாது, அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் மூக்கில் டியூப் போட வேண்டிவரும் என்றார். இவர் டியூப் போட விடமாட்டார் என்பது எனக்குத் தெரியும். பிடுங்கிப் போட்டுவிட்டுச் சும்மா படுத்திருப்பார். இப்படித்தான் இந்த மனுஷன் போய்ச் சேரப் போகிறார் என்று முதல் தடவையாக நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து ஷிபானாவிடம் புலம்பினேன். அண்ணனும் அத்தாவும் இப்போதும் பேசாமல் இருக்கிறார்களே, இந்தக் குடும்பத்தை யார் கண் பட்டுப் பிரித்ததோ என்றேன். அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"யாரு கண்ணும் இல்ல. அவங்க பேசாமத்தான் கீறாங்க. நாலு தட்டு வெச்சது நீதாம்மா."

அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. அவள் சொன்னது உண்மை. அத்தனை மாதமாக நாலு கையும் ஒரே சஹனில் விழ வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சஹனோ என் கையால்தான் பரண் மேல் கிடந்தது. அன்று லுஹாவில் துஆவை மாற்றிக்கொண்டேன். முதலில் என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை ஸ்டூல் போட்டு ஏறிச் சஹனை இறக்கினேன். பதினோரு மாதத் தூசி. புளி போட்டுத் தேய்த்தேன். சோறு, தால்ச்சா, கறிக் குழம்பு வைத்தேன். இவரால் தரையில் உட்கார முடியாது. ரியாஸ் படித்த மேஜையைக் கூடத்துக்கு இழுத்து, மேலே சாப்பாட்டு விரிப்பான சுப்ராவை விரித்து, சுற்றி நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். இவரை உட்கார வைத்து நான் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தேன். எனக்கு அடுத்து ஷிபானா. இவருக்கு இடப்பக்க நாற்காலி காலியாக இருந்தது. இவர் சஹனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

ஜும்ஆ தொழுகை முடிந்து ரியாஸ் வந்தான். மேஜையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அம்மா, இந்த அரிசி நான் வாங்குனது."

கடை சாத்தி ஒரு மாதம் ஆகிறது. வீட்டில் இருக்கிற அரிசி, பருப்பு எல்லாம் அவன் சம்பளத்தில் வந்ததுதான். அதை நான் யோசிக்கவே இல்லை. அவன் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அத்தாவுக்குத் தெரியாமல் அவர் சொல்லை மீறக் கூடாது என்றுதான் சொன்னான். அதுவும் இவர் வளர்த்த வளர்ப்புதான்.

இவர் சோற்றைப் பார்த்தார்.

"தெரியும்டா," என்றார் குழறலோடு. "கைய கழுவிகினு வந்து ஒக்காரு."

அவன் கை கழுவ எடுத்துக்கொண்ட நேரம் அதிகம். முகத்தையும் கழுவிக்கொண்டு வந்தான். கண் சிவந்திருந்தது. காலி நாற்காலியில் உட்கார்ந்தான். பிஸ்மி சொன்னோம். ரியாஸ் ஒரு கறித் துண்டைப் பிய்த்து, எலும்பை எடுத்துவிட்டு, சோற்றோடு உருட்டினான். அவனுக்கு வலப்பக்கம் இருந்தது அவன் அத்தா. கவளத்தை அவர் வாய் அருகே கொண்டுபோனான்.

இது நோயாளிக்கு ஊட்டுவது இல்லை. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் இவரே போட்ட சட்டம். மறுக்க வழியில்லை. வாயைத் திறந்தார்.

மென்று விழுங்கினார். பிறகு அவர் தன் வலது கையைப் பார்த்தார். அடுத்த கவளம் அவர் எனக்கு ஊட்ட வேண்டிய முறை. கை மடியில் கிடந்தது. இடது கையை மேஜை மேல் வைத்தார், மறுபடி எடுத்துக்கொண்டார். நான் "பரவால்லீங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ரியாஸ் எழுந்து அவர் பின்னால் போய் நின்றான். குனிந்து அந்தக் கையைத் தூக்கினான். விரல்களுக்குள் சோற்றை வைத்து, தன் விரல்களால் மூடி, சஹனில் ஒருமுறை உருட்டி, என் வாய் வரை கொண்டுவந்தான். கை அவருடையது. பலம் அவனுடையது. பாதிச் சோறு என் மடியில் கொட்டியது. மீதியை நான் சாப்பிட்டேன்.

நான் ஷிபானாவுக்கு ஊட்டினேன். ஷிபானா அண்ணனுக்கு ஊட்டினாள். கடிக்கவில்லை.

அன்று ரியாஸ் கையால் ஒரு பிள்ளைச் சாப்பாடு அளவுக்குச் சாப்பிட்டார். அடுத்த வேளை இன்னும் கொஞ்சம். டியூப் போட வேண்டிவரவில்லை. இவரால் நோன்பு வைக்க முடியவில்லை, ஆனாலும் ரமலானில் நாங்கள் நோன்பு திறக்கிற நேரத்துப் பேரீச்சம்பழத்தையும் மகன் கையிலிருந்துதான் வாங்கினார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். கை முழுதாகத் திரும்பவில்லை. கொஞ்சம் எழும்புகிறது, கட்டை விரலும் இரண்டு விரலும் அசைகின்றன. ரியாஸ் பெருநாள் கழித்து அந்த வேலையை விட்டான், யாரும் சொல்லவில்லை. ஆனால் கடைக்கும் வரவில்லை. செங்கல்பட்டில் ஒரு டூ வீலர் ஷோரூமில் இருக்கிறான். கடையைத் திறக்கிற நாளில் நானும் இவரும் உட்காருகிறோம். இவர் விலை சொல்வார், நான் எடுத்துக் காட்டுவேன். அப்பனும் மகனும் இப்போது வாக்குவாதம் பண்ணுகிறார்கள். சத்தம் தெருவுக்குக் கேட்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

இதைப் படிக்கிற சகோதரிகளே, துஆ கேளுங்கள். கேட்டதை அவன் எந்த வழியில் தருவான் என்று நமக்குத் தெரியாது. என் துஆ வந்த வழியை நான் ஒருநாளும் கேட்டிருக்க மாட்டேன். ஆனால் கேட்கிறதோடு நிற்காமல், நீங்களாகப் பரணில் தூக்கிப் போட்டது எது என்றும் பாருங்கள். சஹன் இல்லாவிட்டால் இருக்கிற பெரிய தட்டு போதும். கோபம் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். கோபத்தோடே உட்காருங்கள். முதல் கவளம் வலப்பக்கத்துக்கு.

நேற்று மதியம் இவர் ரியாஸின் கையைத் தட்டிவிட்டு, அந்த மூன்று விரலால் தானே உருட்டினார். சோறு நிற்கவில்லை, வழியெல்லாம் சிந்தியது. என் வாய்க்கு வந்து சேர்ந்தது நாலைந்து பருக்கை. அதை மென்றபடி சஹனைப் பார்த்தேன். ரியாஸ் கை, ஷிபானா கை, என் கை, சோறு ஒட்டிய அவர் கை. நாலும் இருந்தது.