குடோனில் வாயாடி

துணிக்கடையில் அவருக்கு வாயாடி என்று பெயர். வாசலோடு போகிறவரைக்கூடப் பேசியே உள்ளே இழுத்து, ஒரு சட்டைத்துணியாவது தலையில் கட்டிவிடுவார்.

முழங்கையில் சிவப்பாக ஒரு திட்டு வந்தது; அதன்மேல் வெள்ளைச் செதில். மருந்துக்கடைக்காரர் கொடுத்த களிம்பைப் பூசினார், மாயமாய் மறைந்தது. நிறுத்தியதும் முதுகு, தலை என்று இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. ஒருநாள் கறுப்புக் கோட்டுத் துணியை விரித்துக் காட்டும்போது, அதன்மேல் செதில் உதிர்ந்தது. வாங்க வந்தவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. கொஞ்ச நாள் குடோனைப் பாத்துக்கங்க."

குடோனுக்கு ஜன்னல் கிடையாது. ஒரு குழல் விளக்கு, கூரை முட்டும் துணிக்கட்டுகள். பேச ஆளில்லை. வீட்டுக்கு வந்தால், மைத்துனன் அவர் உட்கார்ந்த நாற்காலியில் துண்டு விரித்து உட்கார்ந்தான். அன்றிலிருந்து வீட்டிலும் அவர் வாய் திறக்கவில்லை.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "நீங்க திட்டினாக்கூடப் பரவால்ல, இப்படிக் கம்முனு கிடக்காதீங்க" என்று தோல் டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

டாக்டரம்மா முதுகைப் பார்த்து, களிம்புக் கதையையும் கேட்டுவிட்டுச் சொன்னார். "இது சொரியாசிஸ். யாருக்கும் ஒட்டாது. உடம்போட எதிர்ப்புச் சக்தி தப்பாத் தூண்டிவிடறதால தோல் அவசர அவசரமா வளர்ந்து உதிருது. அந்தக் களிம்பைத் திடீர்னு விட்டதுல இன்னும் கிளம்பிடுச்சு."

"எப்பம்மா போகும்?"

"அடக்கி வெக்கலாம். அடியோட போகும்னு பொய் சொல்ல மாட்டேன்."

ஆயுள் தண்டனை விதித்ததுபோல இருந்தது அவருக்கு.

பூச்சு மருந்தோடு ஒளி சிகிச்சையும் சொன்னார்கள். அலமாரி போன்ற பெட்டிக்குள், கறுப்புக் கண்ணாடி மாட்டி, வெற்றுடம்பாக நிற்க வேண்டும். முதல் தடவை கதவு மூடியதும் அவருக்கு மூச்சு முட்டியது. "திறங்கம்மா!" என்று கத்திவிட்டார். நர்ஸ் திறந்துவிட்டு, "பூட்டு கிடையாதுண்ணே, தள்ளினாத் திறந்துக்கும்" என்றாள். பிறகு விடாமல் போனார். மெல்ல மெல்லச் செதில் அடங்கியது. அரிப்பு விட்டு, தூக்கம் வந்தது.

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முதலாளியிடம் போய் நின்றார். "பாருங்க முதலாளி, சுத்தமாயிடுச்சு. இது ஒட்டற நோயே இல்லையாம்."

முதலாளி அவர் கையைப் பார்க்கவே இல்லை. "சந்தோஷம்ணே. ஆனா குடோனுக்கு உங்களை விட்டா ஆளில்ல."

"வேற கடை பாருங்களேன்" என்றாள் மனைவி, வீட்டில் அதைக் கேட்டதும்.

"மறுபடி கிளம்பினா? அங்கயும் ஒரு குடோன் இருக்கும்டி."

மறுநாளும் குடோனுக்கே போனார்.