சொட்டு மேஸ்திரியின் சதுப்புத் தோட்டம்

அந்தக் குழாய் வேலைக்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சொட்டு மேஸ்திரி என்றால்தான் தெரியும். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட எங்கோ குழாய் சொட்டுகிற சத்தம் காதில் விழுந்துவிட்டால் மனிதருக்கு இருப்புக் கொள்ளாது. பாதி அழுகையில் எழுந்துபோய் வாஷரை மாற்றிவிட்டு வந்து மீதியை அழுவார். முப்பது வருஷமாக இதே கதைதான்.

அப்பேர்ப்பட்டவர் ஐம்பத்தாறு வயதில் ஒரு செடிமேல் ஆசை வைத்தார். புதுக் கட்டடம் எழும்பப்போகும் ஒரு மனையில் குழாய் பதிக்கப் போனபோது, ஈரத்தரையில் காசு அகலத்துக்குச் சிவப்பாக ஏதோ மினுங்கியது. குனிந்து பார்த்தார். இலை முழுக்க முடி, முடி நுனியில் பசைத்துளி, ஒரு துளியில் கொசு ஒன்று மாட்டிக்கொண்டு காலை உதறிக்கொண்டிருந்தது. அழுகண்ணி. பூச்சிதான் அதற்குச் சாப்பாடு. மறுநாள் அங்கே கான்கிரீட் கொட்டப்போகிறார்கள். மனைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, பதினொரு செடிகளை மண்ணோடு பெயர்த்துச் சாப்பாட்டு டப்பாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். சுற்றுவட்டாரத்தில் அந்தச் செடி வேறெங்கும் மிச்சமில்லை என்று பிற்பாடு தெரிந்தது. இவை போனால் போனதுதான்.

நூலகத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

"பூச்சி தின்னுற செடியா? ஏற்கெனவே ஒருத்தருக்குச் சமைச்சுப் போட்டே மாளல."

"இதுக்கு நீ ஒண்ணும் சமைக்க வேண்டாம். அதுவே புடிச்சுத் தின்னுக்கும்."

"அப்ப உங்களுக்கு இது எவ்வளவோ தேவலை."

திட்டம் போடுவதில் மேஸ்திரி அமர்க்களப்படுத்திவிட்டார். கல்லூரியில் தாவரவியல் நடத்தும் டீச்சர் வீட்டுக் குழாயைச் சும்மாவே சரிசெய்து கொடுத்து, பதிலுக்கு விஷயத்தைக் கறந்தார். எரு கூடவே கூடாது, மழைத்தண்ணீர் மட்டும்தான், மணலும் கழுவிய நார்த்தூளும் போதும். மண்ணுக்கடியில் பை வைத்துப் பூச்சி பிடிக்கும் இன்னொரு செடியும் ஒரு பிடி கொடுத்தார் டீச்சர். நர்சரிக்காரர் குடுவை தொங்கும் வெளிநாட்டுச் செடியைக் காட்டி மயக்கப் பார்த்தார். "இந்த மண்ணுல பொறந்தது மட்டும்தான்" என்று மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏதோ அவரே ஒரு செடி மாதிரி.

டீச்சர் கடைசியாகச் சொன்னதுதான் இடித்தது.

"தொட்டிக்குள்ள போடுற பிளாஸ்டிக் விரிப்புல மேலேர்ந்து ஒரு சாண் கீழ ஓட்டை போட்டுடுங்க. ஈரம் இருக்கணும், குளமாயிடக் கூடாது."

"ஓட்டையா? நானா?"

"நீங்கதான்."

பின்பக்கச் சுவரோரம் செங்கல் அடுக்கி முழங்கால் உயரத்துக்குத் தொட்டி கட்டினார். உள்ளே தடித்த பிளாஸ்டிக் விரிப்பு; மடிப்பெல்லாம் பசை வைத்து ஒட்டி, கையால் தடவித் தடவிப் பார்த்தார். செடிகளை நட்டார். ஓட்டையை மட்டும் போடவில்லை. ஆணியை எடுப்பார், வைப்பார், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பார். இப்படியே பத்து நாள் ஓடிப்போயிற்று.

பதினோராம் நாள் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் மூன்று நாள். தொட்டி நிரம்பித் ததும்பியது. செடிகள் ஒரு விரற்கடை ஆழத்தில் முழுகிக் கிடந்தன. மேஸ்திரி சொம்பால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினார். மொண்டதைவிட அதிகமாக வானம் ஊற்றியது.

மனைவி குடையோடு வந்தாள். "மொண்டா தீராதுங்க. ஆணியை எடுங்க."

"கை வரமாட்டேங்குது."

"பாருங்க, அதுங்க மூச்சு முட்டிக் கெடக்குது. ஊரார் வீட்டுல அடைச்சதெல்லாம் போதும்."

அவருக்கு உண்மையிலேயே அழுகை வந்துவிட்டது. செங்கல் இடுக்கில் ஆணியை வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, சுத்தியலால் ஒரே போடு. தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு அவர் முழங்காலை நனைத்தது. மெல்ல மெல்லத் தண்ணீர் இறங்கியது. நான்கு செடிகள் அழுகிப்போயிருந்தன. ஏழு மிஞ்சின. மூன்று தடவை எண்ணிப் பார்த்தார், ஏழுதான்.

காலையில் மழை விட்டிருந்தது. பல்கூட விளக்காமல் போய்ப் பார்த்தார். ஏழும் நிமிர்ந்திருந்தன, ஒன்றில் பசைத்துளிகூட மினுங்கியது. மனசு நிறைந்துவிட்டது. அப்புறம்தான் பார்வை கீழே இறங்கியது. ஓட்டையிலிருந்து நிதானமாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கை தன்பாட்டில் சட்டைப்பைக்குள் போய்த் துழாவியது. அங்கே இல்லை. இன்னொரு பையிலும் இல்லை.

பின்வாசலில் வேலைக்குக் கிளம்பி நின்ற மனைவி சொன்னாள்: "தேடாதீங்க. சொட்டு அடைக்கிற உங்க டேப்பை நேத்தே எடுத்து என் கைப்பையில வச்சுட்டேன். அந்த ஏழு உசுராவது பொழைச்சுக் கெடக்கட்டும்."