செய்தித்தாளுக்கு இஸ்திரி போட்ட மழைக்காலம்

பாச்சை உருண்டையும் காய்ந்த இலையும் கலந்து ஒரு வாசனை வரும். வைக்கோல் போர் மாதிரியும் இருக்காது, மருந்துக்கடை மாதிரியும் இருக்காது. சிதம்பரத்தில், பல்கலைக்கழகத் தாவரவியல் டிபார்ட்மெண்ட் மாடியில் அந்த அறைக் கதவைத் திறந்தாலே மூக்கில் ஏறிவிடும்...

ஹெர்பேரியம் என்பார்கள். ஊர் ஊராகப் போய்ப் பறித்துவந்த செடிகளைக் காயவைத்து, தடித்த தாளில் தைத்து, பீரோ பீரோவாக அடுக்கியிருக்கும் இடம். தைக்கிற வேலை என்னுடையது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், தினக்கூலிக்குப் போனேன்.

பூவின் மேல் நூல் போகக் கூடாது. இலைகளில் ஒன்றை மட்டும் குப்புறப் போட வேண்டும், பின்பக்க நரம்பும் தெரிவதற்காக. கோலம் மாதிரி எல்லாம் ஒரே சீராக வரவேண்டும் என்று நினைக்கிற கைக்கு, அது பழகச் சில நாள் ஆயிற்று.

அட்டெண்டராக இருந்தவர் கலியபெருமாள் அண்ணன். அவருடைய அப்பாவும் அங்கேயே அட்டெண்டர். டிபார்ட்மெண்டின் வரலாற்றை அவர் வாயால் கேட்க வேண்டும்.

"ஆரம்பத்துல ரெண்டே ரூமும்மா. ஒரு வாத்தியாரு, எங்கப்பா, ஒரு மாட்டுவண்டி... அவ்ளோதான் டிபார்ட்மெண்ட்டு. பிச்சாவரத்துல படகுல போயி செடி பறிச்சிட்டு வருவாங்க. செடிய வெச்சி அழுத்துற பலகைய எங்கப்பா தலையில தூக்கிட்டு வருவாரு. வழியில கேப்பாங்களாம், என்னாய்யா, அப்பளக் கட்டான்னு. ஆமாம்யா, காட்டையே அப்பளமாத் தட்டி எடுத்துட்டுப் போறோம்பாராம்."

அவர்கள் கொண்டுவந்த செடிகள் ஜன்னலோர பீரோவில் இருந்தன. நான் பிறப்பதற்கு முன்னால் பறித்தவை. காம்பில் இலை அப்படியே, பூவில் இதழ் அப்படியே... எடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். என் மூச்சுக்கே உதிர்ந்துவிடுமோ என்று பயம்.

ஒரு ஐப்பசியில் புயல் அடித்தது. காலையில் போய்ப் பார்த்தால் ஜன்னல் கண்ணாடி நொறுங்கி, சாரல் நேராக அந்த பீரோ மேல். தாளெல்லாம் ஈரம் குடித்துத் தொளதொளவென்று இருந்தது.

துறைத்தலைவர் ஒரு பெண்மணி. மேடம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஒரு தாளைத் தொட்டுப் பார்த்தவருக்கு முகமே மாறிவிட்டது.

"ரெண்டு மூணு நாள்ல பூஞ்சை புடிச்சிரும். இதுல பாதிச் செடி இப்ப அந்தந்த ஊர்லயே கெடையாது. போச்சுன்னா போச்சுதான். திரும்பப் போயிப் பறிக்க முடியாது."

"கொஞ்சம் வெயில் வந்துச்சின்னா வத்தல் மாதிரி பரத்திரலாமா மேடம்?" என்று கேட்டார் கலியபெருமாள் அண்ணன்.

"சுருண்டுரும் அண்ணே. அப்பறம் காத்துல தூளாப் பறந்துரும். காஞ்ச பேப்பர்தான் வேணும். நடுநடுவுல வெச்சி, மேல பாரம் ஏத்தி, மாத்திக்கிட்டே இருக்கணும்."

மாணவர்கள் ஹாஸ்டலுக்கும் டீக்கடைக்கும் ஓடிப் பழைய பேப்பரை அள்ளிக்கொண்டு வந்தார்கள். அந்த மழையில் எந்தப் பேப்பர் காய்ந்திருக்கும்? எல்லாம் நமுத்துப்போன அப்பளம் மாதிரி.

மேடம் கீழே எட்டிப் பார்த்தார். மழைக்கு ஒதுங்கி நின்றது முனுசாமியின் இஸ்திரி வண்டி.

கரிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்த முனுசாமி, குவியலைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"பேப்பருக்கா மேடம் இஸ்திரி? கஞ்சி போடணுமா, வேணாமா?"

"கஞ்சி வேணாம். சூடாக் குடுத்தாப் போதும்" என்றார் மேடம், சிரிக்காமல்.

முனுசாமி தேய்த்துத் தேய்த்துத் தள்ள, சூடு ஆறுவதற்குள் நாங்கள் ஈரப் பேப்பரை உருவிவிட்டு அதைச் சொருகினோம். மேடம், ஆராய்ச்சி மாணவர்கள், கலியபெருமாள் அண்ணன், நான்... எல்லோரும் ஒரே வரிசை. அந்த வேகத்தில் முனுசாமிக்கு உற்சாகம் வந்துவிட்டது. செடி தைத்த தாளையே இழுத்துப்போட்டு, பெட்டியை ஓங்கினார்.

"இதையே நேரா ஒரு இழுப்பு இழுத்துட்டா வேல முடிஞ்சிதே..."

மேடம் பாய்ந்து வந்து தாளின் மேல் கையை வைத்துவிட்டார். இஸ்திரிப் பெட்டி அந்தரத்தில் நின்றது.

"கருகிரும் முனுசாமி. இது எங்க டிபார்ட்மெண்ட்டு மொத வாத்தியாரு கையால பறிச்சது."

முனுசாமி பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "எங்க தாத்தா காலத்து இலைன்றீங்க... போன வாரம் வாங்குன கறிவேப்பில மாதிரில்ல கீது."

மழை விட்ட பிறகும் பேப்பர் மாற்றிக்கொண்டே இருந்தோம். எந்தத் தாளிலும் பூஞ்சை ஏறவில்லை. அது உறுதியான அன்று மேடம் ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

இப்போது என் பேத்தி கயல் அதே டிபார்ட்மெண்டில் எம்.எஸ்சி. படிக்கிறாள். எழுதும்போதே நெஞ்சு நிமிர்கிறது, என்ன செய்ய... போன மாதம் என்னை அழைத்துப்போனாள். ஏ.சி. ஓடுகிறது. செடிகளையெல்லாம் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள். அன்று தலையில் சுமந்து வந்ததை, இன்று வேறொரு தேசத்தில் யாரோ விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறாராம்.

"ஆயா, இதப் பாரு" என்றாள். சின்னத் தண்ணீர்ச் செடி. தாளின் ஓரத்தில் அந்தப் புயலின் பழுப்புக் கறை.

"இது கடலூர் போற வழியில ஒரு ஏரில பறிச்சது. இப்ப அங்க இந்தச் செடி கெடையாது. ஆனா இதுல நகத்தளவு கிள்ளிக் குடுத்தாப் போதும் ஆயா. இது எந்த வம்சம், எதுக்குச் சொந்தம்னு கண்டுபுடிச்சிரலாம்."

"இத்தினி காலம் கழிச்சுமாடி?"

"இப்பவும் சொல்லும் ஆயா."

ஈரத்தை ஒற்றி எடுத்த அன்று, அந்த இலைக்குள் இவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எனக்கு எங்கே தெரியும்...

சாயங்காலம் கடலூர் பஸ்ஸில் திரும்பினோம். பாதி வழியில் கண்டக்டர், "ஏரிக்கரைலாம் எறங்கு" என்று குரல் கொடுத்தார். பையும் பிள்ளையுமாக நாலைந்து பேர் இறங்கினார்கள். கயல் என் கையைத் தொட்டு, "இந்த எடந்தான் ஆயா" என்றாள்.

ஜன்னல் வழியே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தேன். ஒரு கல்யாண மண்டபம், செல்போன் கடை, வரிசையாக மாடிவீடுகள். தண்ணீரைக் காணவில்லை.

அந்த ஏரியில் முளைத்தது ஒன்றே ஒன்று, சிதம்பரத்தில் ஒரு பீரோவுக்குள் காய்ந்து பத்திரமாக இருக்கிறது.