ஒட்டுக் கத்திரியும் உடைந்த கையும்

ஒரு கன்னத்தில் சவரம் முடிந்து மறு கன்னத்தில் சோப்பு காய்ந்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது. ஆம்பூரில் பிரியாணிக் கடை நடத்தும் அன்வர் பாய்தான் பேசினார். "தோஸ்த், சம்பத் சார் போய்ட்டாரு. தோட்டத்துல பூச்சிமருந்து விக்க வந்தவன திட்டினு இருந்தாராம். பாதி திட்டுலயே சாஞ்சிட்டாரு." மீதித் திட்டை யார் வாங்கிக்கொள்வது என்று தெரியாமல், பாதி முகத்தோடு அணைக்கட்டுக்குப் பேருந்து ஏறினேன். எழவு வீட்டில் என் கோலத்தை யாரும் கவனிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாலே சிரிக்கக்கூடிய ஒரே ஆள் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

வேளாண்மைத் துறையில் உதவி அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று சுவரொட்டியில் போட்டிருந்தார்கள். அவரை அறிந்த உங்களுக்கு அது போதாது. சம்பத் அண்ணன் பேசிப் புரியவைத்தவர் அல்லர்; எறிந்து புரியவைத்தவர். அனுமதி வாங்காத மரபணு மாற்றப் பருத்தி விதையை ஒரு கடைக்காரர் வேறு பெயரில் விற்கிறார் என்று தெரிந்ததும், அந்தக் கடையின் அலமாரியைத் தெருவில் சாய்த்தார். கண்ணாடிச் சில்லில் கால் கிழிந்து ரத்தம் ஓட, கூடிய கூட்டத்திடம் சொன்னார்: "மரபணு மாத்துறது பாவம்னு நான் சொல்லல. சோதிச்சு, அனுமதி வாங்கி, பேரப் போட்டு வித்தா நானே வாங்கி நடுவேன். முகத்த மூடினு வர்றவன் மாப்பிள்ளயா, திருடனா?"

மரபணு மாற்றிய காய்கறிகளைப் பற்றி ராணிப்பேட்டை மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு என்னையும் இழுத்துப் போனார். அந்தக் காய்களைத் தின்றால் பிள்ளை பிறக்காது என்றார் முதலில் பேசியவர். அண்ணன் மேடையேறி ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். "யாருக்குப் பொறக்கல? ஊரு, பேரு சொல்லு." அடுத்து வந்தவர், துளி ஆபத்தும் கிடையாது என்றார். சூடான டீ அவர் சட்டையில் விழுந்தது. பிறகு இரண்டு தரப்பும் சேர்ந்து அண்ணனைப் படிக்கட்டில் உருட்டிவிட்டார்கள். எனக்குத் தெரிந்து அவர்கள் ஒற்றுமையாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

முழங்கையில் தோல் உரிந்து தொங்க, என் கைக்குட்டையைக் கேட்காமலே உருவிக் கட்டிக்கொண்டு சொன்னார்: "பருத்தியில அந்த வித வந்தப்போ மருந்தடிக்கறது கம்மியாச்சு, அது நெசம். மருந்தடிச்சு வாயில நுரை தள்ளுனவன தோள்ல போட்டுனு ஓடுனவன் நானு. அப்பறம் காய்ப்புழு பழகிக்கிச்சு, அதுவும் நெசம். திங்கிற பயிருன்னா ஒவ்வொண்ணா சோதிக்கணும். மகரந்தம் பக்கத்து நிலத்துக்குப் போச்சுன்னா திருப்பிக் கூப்ட முடியாது. ரெண்டயும் ஒரே வாயால சொல்றவன் ரெண்டு பக்கமும் ஒத வாங்குவான்டா."

வாங்கினார். அதற்குக் காரணமானவனைப் பற்றித்தான் இனி எழுத வேண்டும். இவ்வளவு நேரம் சுற்றிவந்ததே அதைத் தள்ளிப்போடத்தான்.

ஓய்வுக்குப் பின் அண்ணன் அணைக்கட்டுப் பக்கம் கொஞ்சம் நிலத்தில் கத்திரி போட்டார். சுண்டைக்காய்ச் செடியின் வேரில் நம் முள்ளுக் கத்திரியை ஒட்டுக்கட்டிய செடிகள். வாடல் நோய் தாங்கும் என்பதற்காக அந்த ஒட்டு. புழுவுக்கு வலை கட்டினார், பொறி வைத்தார். மரபணுவுக்கும் அந்தத் தோட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. காயில் ஒரு ஓட்டை கிடையாது. ஆம்பூர் வார இதழ் ஒன்றில் புனைபெயரில் நகைச்சுவைப் பத்தி எழுதும் ஒரு மேதை, 'அணைக்கட்டுக் கத்திரியில் தேளின் மரபணு. புழுக்கள் தலைமறைவு' என்று நான்கு வரி எழுதினான். யாரோ அதைப் படம் பிடித்தார்கள். இதழின் பெயரும் 'சிரிப்பு மூலை' என்ற தலைப்பும் வெட்டுப்பட்டு, அது கைபேசிகளில் செய்தியாகச் சுற்றியது.

அந்த மேதை நான்தான்.

எங்கள் ஊரில் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய்த் தொக்கு இல்லையென்றால் கல்யாணமே நின்றுபோகும். அந்த வாரம் இலைகளில் தொக்கு அப்படியே ஒதுங்கிக் கிடந்தது. அன்வர் பாய் குண்டாவோடு சாக்கடையில் கொட்டினார். கடைகள் காய் எடுப்பதை நிறுத்த, அணைக்கட்டில் மூட்டை மூட்டையாகக் கத்திரி அழுகியது.

ஞாயிறு மதியம், நான் அண்ணனோடு தோட்டத்தில் இருந்தபோது, டிராக்டர் வைத்திருக்கும் வேலுவின் தலைமையில் ஆட்கள் வந்தார்கள். முதல் கத்தி வலையைக் கிழித்த சத்தத்தில் நான் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டேன். வேலு ஒரு செடியைப் பிடுங்கித் தூக்கிக் காட்டினார். ஒட்டுப்போட்ட இடத்தில் பிளாஸ்டிக் கிளிப் இருந்தது.

"பாருங்கடா, ஆபரேஷன் பண்ணி கிளிப்பு மாட்டி வெச்சிக்கிறான்."

"டேய் வேலு, அது சுண்டக்கா வேருடா. ஒங்க வூட்டு மாமரம் ஒட்டு இல்லியா?"

"மாமரத்துல தேளா இருக்குது? எங்க காயெல்லாம் உன்னாலதான்யா அழுவுது."

மண்வெட்டிக் காம்பு இறங்கியது. வலது முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம், காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடிப்பது மாதிரி, கொட்டகை வரைக்கும் கேட்டது. விழுந்தவர் முதுகில் மிதித்துக்கொண்டு செடிகளைப் பிடுங்கினார்கள். சேற்றில் முகம் புதைந்தும் அவர், "வேரப் பாருடா, வேரப் பாரு" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் கொட்டகைச் சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், "வேலுவ விடு. கத கட்டுனவன் எவன்னு தேடு" என்றார். நானும் தேடினேன். என்னைத் தவிர எல்லா இடத்திலும் தேடினேன். கடைசியில் அவரே இதழைக் கண்டுபிடித்துவிட்டார். பத்தி எழுதியவர் பெயரைச் சொல்ல அதன் கிழட்டு ஆசிரியர் மறுத்துவிட்டார். அண்ணன் மாவுக்கட்டோடு அன்வர் பாய் கடையில் உட்கார்ந்து, "இப்ப போறேன். பேர சொல்லலன்னா கெழவன் கைய ஒடிக்கிறேன்" என்று எழுந்தார். செய்யக்கூடியவர் என்பது உங்களுக்குத் தெரியும்.

"அவரு கை வேணாம்ணா" என்றேன்.

"ஏன்?"

"எழுதுன கை இங்க கீது."

இடது கையால் அறைந்தார். என் மூக்குக்கண்ணாடி அன்வர் பாயின் குருமாவில் போய் விழுந்தது. மறுபடியும் அறைந்தார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

"இன்னாத்துக்குடா எழுதுன?"

"சிரிப்பாங்கன்னு."

"சிரிச்சாங்களா?"

குருமாவிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்தேன்.

"நாளைக்குக் காலைல அணைக்கட்டு சந்தையில நின்னு நீதான்னு சொல்ற. எனக்குப் பரிஞ்சி பேசாத. மரபணு மாத்துன பயிர்ல இன்னா நல்லது, இன்னா பயம், ரெண்டயும் சொல்லு. இது அது இல்லன்னும் சொல்லு."

கத்திரி மூட்டைகளுக்கு நடுவில் நின்று, எழுதிவந்ததைப் படித்தேன். பாதியைத் தாண்டவில்லை. தன் காய் அழுகியதும், தான் அண்ணனின் கையை உடைத்ததும் இந்த ஆளின் விளையாட்டால் என்று புரிந்த நொடியில் வேலுவின் குத்து என் வாயில் விழுந்தது. மூட்டைமேல் சாய்ந்து ரத்தத்தைத் துப்பினேன். கூடவே ஒரு பல்லும் வந்தது. இரண்டாவது குத்துக்கு முன் அண்ணன் குறுக்கே பாய்ந்து, மாவுக்கட்டு போட்ட கையாலேயே வேலுவின் மண்டையில் போட்டார். கட்டு பிளந்தது. "இவன அடிக்கற பாத்தியத எனக்கு மட்டுந்தான்டா" என்றவர் வலியில் அங்கேயே மயங்கி விழுந்தார். தூக்கிக்கொண்டு ஓடியவர் வேலு. நான் ரத்தவாயோடு மீதியைப் படித்து முடித்தேன். கேட்க ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அடுத்தடுத்த வாரங்களில் தொக்கு மெல்ல இலைக்குத் திரும்பியது. அண்ணனின் கை மட்டும் கோணலாகவே கூடியது.

பாடையின் முன்கொம்பை வேலு பிடித்திருந்தார். சுடுகாட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்தக் கை என்னாலதான் கோணிச்சு" என்றார். என்னால்தான் என்றேன். "நான் ஒடச்சதுய்யா அது" என்று குரலை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். ஆட்கள் வந்து எங்களை விலக்க வேண்டியதாயிற்று.

சம்பத் அண்ணனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது, மேல் வரிசையில் ஒரு பல் அகலத்துக்கு ஓட்டை. டாக்டர் பல் கட்டிக்கொள்ளச் சொல்கிறார், நான் கட்டவில்லை. வேடிக்கையாக ஏதாவது எழுத உட்கார்ந்தால் நாக்கு தானாக அங்கே போகிறது. நாக்கு அங்கிருந்து திரும்பும் வரை பேனாவைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.