முதுகுக்குப் பின்னால் அலை

அலைச்சறுக்கு கற்றுக்கொள்வதில் பலகைமேல் நிற்பது கொஞ்சம், உப்புத் தண்ணீர் குடிப்பது மிச்சம், பட்டவர்களுக்குத் தெரியும். எங்கள் குப்பத்துக் கடற்கரையில் வகுப்பு நடத்துகிறவர்கள், பெண்களுக்குச் சொல்லித்தர ஒரு பெண் வேண்டுமென்றார்கள். மாதம் முடிவதற்குள் நின்று காட்டினால் வேலை எனக்கு. இல்லாவிட்டால் பழையபடி மீஞ்சூர் கம்பெனி வேலைக்கு வண்டி ஏறவேண்டியதுதான். என் பாப்பா எழுவதற்குள் கிளம்பி, அவள் தூங்கிய பிறகு வீடு திரும்பவேண்டும்.

ஏரிப் பழக்கம்

குப்பத்தை ஒட்டி, கடலோடு சேரும் ஏரியின் ஆழமில்லாத தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, கையால் இறால் தடவிப் பிடித்து வளர்ந்தவள் நான். பலகைமேல் குந்துவது உடனே வந்துவிட்டது. தலைதான் நிமிரவில்லை. காலையே பார்த்தேன், காலடியிலேயே விழுந்தேன். எங்களுக்குச் சொல்லித்தருகிற பையன், மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம், சொன்னான்: "இன்னாக்கா தேடுற கீழ? இறால்லாம் ஏரியில. நீ கரையப் பாரு."

உதடு கிழிந்த அன்று

நடக்கப் பழகும்போதே எங்களுக்குச் சொல்வது, கடலுக்கு முதுகு காட்டாதே என்று. பலகையில் கரையைப் பார்த்துப் படுத்தால் அலை முதுகுப் பக்கம் வருகிறது. இரைச்சல் கேட்டதும் உடம்பு தானாகத் திரும்பிவிடும். அப்படித் திரும்பியதில் பலகை முகத்தில் அடித்தது, வாயெல்லாம் ரத்தம். வலை பிரித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். "கடல்ல போற போட்டுக்கே மூக்கு அலையப் பாத்துதான் இருக்கணும். நீ இன்னாமே தலைகீழா கத்துக்கற?"

கொடியைத் தாண்டி

ஒருநாள், இதற்கு மேல் போகாதே என்று மாஸ்டர் நட்ட கொடியைத் தாண்டிவிட்டேன். ஏரித் தண்ணீர் கடலில் இறங்கும் நேரம். முகத்துவாரத்து இழுப்பில் கரை சிறுத்துக்கொண்டே போனது. கை ஓய்ந்துவிட்டது. பலகையைக் கட்டிப்பிடித்துக் கிடந்தேன். வீட்டுக்காரர் போட்டை எடுத்துவந்து என்னைத் தூக்கி உள்ளே போட்டார். கரையில் பாப்பாவை இடுப்பில் வைத்திருந்த மாமியார் சொன்னார்: "இந்த வேல போனா இன்னொன்னு. இந்தப் புள்ளைக்கு அம்மா போனா?"

கடைசி நாள்

மறுபடி போனேன். மூன்று அலை, மூன்று முறையும் கழுத்து திரும்பியது. இருட்டப் போகிறது. வீட்டுக்காரர் கைலியை மடித்துக்கட்டி இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, எனக்கு எதிரே கடலைப் பார்த்து நின்றார். "என் மூஞ்சியப் பாரு. அலைய நான் பாத்துக்கறேன்" என்றார். இரைச்சல் வந்தது. அவர் கண் அசையவில்லை. "எழுந்திருமே" என்றார். எழுந்தேன். நின்றேன். நேராகப் போய் அவர்மேலேயே மோதி இரண்டு பேரும் உருண்டோம். மாஸ்டர் பலகையை இழுத்துக்கொண்டே சொன்னான்: "நாளைக்குக் காலையில வேலைக்கு வந்துடுக்கா. மாமாவ மட்டும் வூட்லயே வுட்டுட்டு வா."

கஷ்டப்பட்டு அலைக்கு முதுகு காட்டக் கற்றுக்கொண்டவளுக்குக் கிடைத்த வேலை, மற்ற பெண்களின் முதுகுக்குப் பின்னால் வரும் அலையைத் தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருப்பது.