காத்ரஜ் ஏற்றத்துக்கு முன் ஒரு ரிவர்ஸ்

காத்ரஜ் மலையேற்றத்துக்கு முன்னால் உள்ள டீக்கடையில், எங்கள் ஜீப்பின் வழியை மறித்து ஒரு லாரி நிற்கிறது. இனி ரிவர்ஸ்தான். ஜீப்போடு பூட்டியிருப்பது போசரியில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்த ட்ரெய்லர். உள்ளே இரண்டு கட்டில், ஒரு ஸ்டவ். "ஒரு கீறல் விழுந்தாலும் வித்துடுவேம்மா" என்று கராடியில் இருக்கும் மகன் காலையில்தான் மிரட்டினான். யார் வண்டியை யார் விற்பது?

டீக்கடைக்காரர் என் கணவரிடம் போகிறார். "காகா, இந்த வயசுல மாவ்ஷிக்கு எதுக்கு இதெல்லாம்? சாவியைக் கொடுங்க, நான் எடுக்கறேன்."

"சாவி என்கிட்ட இருக்கு. என்கிட்ட கேளுங்க" என்கிறேன், அந்த மாவ்ஷியான நான்.

அதற்குள் ஐந்து பேர் பின்னால் நின்று கையாட்டுகிறார்கள். "ஆனே தோ, ரைட் மாரோ!" வரட்டும், ரைட்டில் ஒடி என்கிறார்கள். ட்ரெய்லர் வலப்பக்கம் போக ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடிக்க வேண்டும் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. அறுபத்தேழு வயதில் ஒரு மாதம் காலி மைதானத்தில் பழகியவள் நான். அவர்கள் ரைட் என்று கத்தக் கத்த லெஃப்டில் ஒடிக்கிறேன். புளியமரத்துக்கும் சுவருக்கும் நடுவே ட்ரெய்லர் நேராகப் போய் நிற்கிறது. ஒரு கீறல் இல்லை.

டீக்கடைக்காரர் ஓடிப்போய் என் கணவரின் கையைக் குலுக்குகிறார். "நல்லாக் கத்துக் கொடுத்திருக்கீங்க, காகா!"

என் கணவர் டீயை உறிஞ்சிவிட்டுச் சொல்கிறார்: "எனக்கு ஸ்கூட்டரே ஓட்ட வராது."