இந்த முறை உண்மையிலேயே வேன் மாரிமுத்து அண்ணன்தான்

வேன் ஓட்டும் மாரிமுத்து அண்ணன் இன்று காலை தவறிவிட்டார்...

கோயில் குரூப்பில் படித்ததும் நான் அழவில்லை. அந்தப் பழைய பக்கம் மறுபடியும் தேடலில் வெளியே வந்துவிட்டதோ என்று பயந்து, அவர் பெயரைப் போட்டுத் தேடினேன். மரணச் செய்தி எதுவும் வரவில்லை. அப்படியென்றால் அதைப் பார்த்து யாரும் குழம்பவில்லை... செய்தி உண்மை.

பழைய பக்கம் என்னவென்றால், சில வருடங்களுக்கு முன் மலேசியாவில் எங்கள் ஊரான திகாம் பத்துவில் இன்னொரு மாரிமுத்து இறந்துபோனார், எஸ்டேட்காரர். கோயில் மாதர் பிரிவுக் கணக்கோடு வெப்சைட்டும் என் பொறுப்பு. அவர் மரண அறிவிப்பை நான்தான் போட்டேன். படம் இல்லை, பெயரும் ஊரும் மட்டும்.

மறுவாரம் வேன் மாரிமுத்து அண்ணன் ஃபோனில் கத்தினார். "தங்கச்சி, நான் இன்னும் சாகல லா! வேனுக்கு என் பேரப் போட்டுத் தேடுறவன்லாம் நான் போய்ட்டேன்னு நெனைக்கிறான். மெர்கோங்குக்குப் போற கல்யாண டிரிப்பு வேற ஆளுக்குப் போயிருச்சு!"

"பக்கத்த எடுத்துரவாண்ணே?"

"அந்த மனுசன் என்ன பாவம் பண்ணாரு? இருக்கட்டும். என்னைத் தேடுறவன் கண்ணுல மட்டும் படக்கூடாது."

வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். 'இதைத் தேடலில் காட்டாதே' என்ற வரியைப் பக்கத்துக்குள் எழுதினேன். போதாதென்று, தேடுபொறி உள்ளே நுழையவும் தடை போட்டேன். அப்படியும் பெயர் வந்துகொண்டே இருந்தது! உள்ளே வந்தால்தானே அந்த வரியைப் படிக்கும்? தடையை எடுத்த பிறகுதான் பக்கம் மறைந்தது.

பூட்டினால் தெரிகிறது, திறந்தால் மறைகிறது... அண்ணனிடம் சொன்னபோது, "எனக்கு கியர் மட்டும்தான் புரியும், விடு தங்கச்சி" என்று சிரித்தார்.

அன்றிலிருந்து எல்லா மரண அறிவிப்பிலும் அந்த வரியைச் சேர்த்துவிடுவேன்.

இன்று அவர் மகள் கவிதா கூப்பிட்டாள். "ஆன்ட்டி, அறிவிப்பு போட்டீங்களா? தஞ்சோங் டாவாய் சொந்தக்காரங்க தேடிப் பாத்தாங்களாம், ஒண்ணுமே வரலயாம்."

போட்டிருந்தேன். கைப் பழக்கத்தில் அந்த வரியோடு.

அந்த வரியை உடனே எடுத்துவிட்டேன். ஆனால் தேடலில் வரச் சில நாளாகுமாம். அடக்கம் நாளைக்கு.

எடுத்தது சரிதானா, அதுவும் தெரியவில்லை. தேடுகிறவர் கண்ணில் படக்கூடாது என்று கேட்டவர் அவர்தானே... விளக்கேற்றி முருகன் முன் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

அதனால் இந்தப் பதிவிலேயே எழுதுகிறேன். அடக்கம் நாளை காலை பத்து மணிக்கு. கோயிலைத் தாண்டி இரண்டாவது சந்து, வெள்ளை வேன் நிற்கும் வீடு. தெரிந்தவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

அண்ணே... நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்.